சயின்ஸ் யூரோப் போன்ற அமைப்புகளுக்கு இவ்வளவு செல்வாக்கு எங்கிருந்து வருகிறது?

குருவிக்கூடு:
வணக்கம். பெல்ஜியத்தில் தாவரவியலில் பிஎச்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) நிதிக்காக நெதர்லாந்து, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் தனித்தனி நாடுகள், தனித்தனி நிதி நிறுவனங்கள். ஆனால் நிபந்தனைகள் ஏறக்குறைய ஒன்றே. கட்டுரை வெளியான உடனேயே யாரும் இலவசமாகப் படிக்க வழி இருக்க வேண்டும், இம்பாக்ட் ஃபேக்டரை (ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) காட்டக்கூடாது, கட்டுரைப் பட்டியலைக் கொட்டாமல் உங்கள் பங்களிப்பை விவரித்து எழுதுங்கள் என்கிறார்கள். துழாவிப் பார்த்தால் எல்லா இடத்திலும் சயின்ஸ் யூரோப் என்ற பெயர் வருகிறது. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் கிளையா? சட்டம் போடும் அதிகாரம் இல்லாதவர்கள் பேச்சை இத்தனை பேர் ஏன் கேட்கிறார்கள்?

ஆலமரத்தடி:
கிளை இல்லை. ஜெர்மனியில் ஒரு பொது ஆய்வு நிறுவனத்தின் நிதி விண்ணப்பப் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன்; இந்தக் கேள்வியைப் புதிதாக வரும் ஆய்வாளர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைப்பவன்.

சயின்ஸ் யூரோப் 2011 அக்டோபரில் பெர்லினில் தொடங்கப்பட்டது, அலுவலகம் பிரஸ்ஸல்ஸில். அரசுப் பணத்தை ஆய்வுக்குப் பகிர்ந்து கொடுக்கும் தேசிய நிறுவனங்களும் சொந்தமாக ஆய்வு நடத்தும் பொது நிறுவனங்களும் அதன் உறுப்பினர்கள். ஜெர்மனியின் டிஎஃப்ஜி, நெதர்லாந்தின் என்டபிள்யூஓ, ஆஸ்திரியாவின் எஃப்டபிள்யூஎஃப் எல்லாம் அதில் உண்டு. செல்வாக்கு அந்தப் பணப்பையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்குத் தொடக்கத்தில் ஒதுக்கிய 95.5 பில்லியன் யூரோ பெரிய தொகைதான், ஆனால் அது 2021 முதல் 2027 வரை ஏழு வருடத்துக்கு, அத்தனை நாடுகளுக்கும் சேர்த்து. டிஎஃப்ஜி மட்டுமே வருடத்துக்கு மூன்று பில்லியன் யூரோவுக்கு மேல் கொடுக்கிறது. ஐரோப்பாவில் ஆய்வுக்குப் போகும் அரசுப் பணத்தில் பெரும்பங்கு தேசிய கஜானாக்களிலிருந்து வருவதுதான். அதை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாட்டுக்கு உத்தரவு போட முடியாது. ஆக, பணம் கொடுப்பவர்களே உட்கார்ந்து பேசி ஒரு விதியை ஒப்புக்கொண்டால், சட்டமே இல்லாமல் அது அத்தனை நிதி ஒப்பந்தங்களிலும் ஏறிவிடும். நீங்கள் பார்த்த ஒற்றுமை இப்படி வந்ததுதான்.

பிளான் எஸ் நல்ல உதாரணம். இவர்கள் நிதியில் செய்த ஆய்வின் கட்டுரைகளை வெளியான உடனேயே யாரும் இலவசமாகப் படிக்க வழி வேண்டும் என்ற திட்டம் அது. 2018 செப்டம்பர் 4 அன்று 11 தேசிய நிதி நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. லக்சம்பர்க் நிதி நிறுவனத்திலிருந்து வந்து அப்போது சயின்ஸ் யூரோப்பின் தலைவராக இருந்த மார்க் ஷில்ட்ஸும், இலவச வாசிப்பு விஷயத்துக்கான ஆணையத்தின் தூதராக ராபர்ட்-யான் ஸ்மிட்ஸும் முன்னால் நின்றார்கள். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வரவேண்டியது. கருத்துக் கேட்டபோது அறுநூறுக்கு மேல் பதில்கள் குவிந்து, ஒரு வருடம் தள்ளிப்போனது. டிஎஃப்ஜி ஆதரித்தது, ஆனால் கையெழுத்திடவில்லை. ஒன்றியத்தின் ஆய்வு நிதி அமைப்பான ஐரோப்பிய ஆய்வுக் குழுவின் அறிவியல் மன்றம் 2020 ஜூலையில் விலகிக்கொண்டது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதால் எல்லாமே பேசிப் பேசித்தான் நகரும். நேரம் எடுக்கும். எனக்கு இதில் குறையே தெரியவில்லை. ஒப்புக்கொண்டவர் தன் சொந்தப் பணத்தின் மேல் அந்த விதியைப் போடுகிறார் அல்லவா.

எண்கோட்பாடு:
மேலே சொன்னது சரி, ஆனால் விலையைச் சொல்லாமல் விடக்கூடாது. பிளான் எஸ் வந்த பிறகு பெரிய பதிப்பகங்கள் படிப்பவரிடம் வாங்கிய காசை எழுதுபவரிடம் வாங்கப் பழகிக்கொண்டன. நேச்சர் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று 2020 நவம்பரில் அறிவித்தது. நான் கணிதத்துறை, எங்களிடம் அவ்வளவு ஆய்வு நிதி கிடையாது. கிழக்கு ஐரோப்பாவில் இருக்கும் என் இணை ஆசிரியர்களிடம் சுத்தமாகக் கிடையாது. பணக்கார நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த முடிவின் சுமை ஏழைத் துறைகள் மேல் விழுகிறது.

ஆலமரத்தடி:
நியாயமான கோபம். இந்தக் கோபம் அந்த அமைப்புகளுக்குள்ளேயும் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் சயின்ஸ் யூரோப், பிளான் எஸ் நிதி நிறுவனங்களின் கூட்டணி, மனிதவியல் மற்றும் சமூக அறிவியல் பதிப்புக்கான ஓபராஸ், பிரான்சின் நிதி நிறுவனமான ஏஎன்ஆர் நான்கும் சேர்ந்து எழுதுபவரிடமும் காசு வாங்காத, படிப்பவரிடமும் காசு வாங்காத ஆய்விதழ்களுக்கான செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டன. 2023 மே மாதம் ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் மன்றமும் அந்தத் திசையில் தீர்மானம் போட்டது. சந்தா இதழ்களை இலவச வாசிப்புக்கு மாற்றப் பதிப்பகங்களோடு செய்யும் இடைக்கால ஒப்பந்தங்களுக்குப் பிளான் எஸ் கூட்டணி தந்துவந்த ஆதரவும் 2024 முடிவோடு நின்றுவிட்டது. கணிதத்தில் நிறைய நல்ல இதழ்களை ஆய்வாளர்களே நடத்துகிறார்கள், அவற்றுக்கு நிலையான நிதி வேண்டும். அதற்கு உங்கள் துறைச் சங்கம் உங்கள் நாட்டு நிதி நிறுவனத்தை நெருக்கினால்தான் அது பிரஸ்ஸல்ஸ் கூட்டத்தில் பேசும். கீழிருந்து அழுத்தம் இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வசதியானதைத்தான் முடிவு செய்வார்கள்.

குருவிக்கூடு, இம்பாக்ட் ஃபேக்டர் விஷயம் தனிக் கதை. 2022 ஜூலை 20 அன்று வெளியான ஆய்வு மதிப்பீட்டுச் சீர்திருத்த ஒப்பந்தத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கமும் சயின்ஸ் யூரோப்பும் ஆணையமும் சேர்ந்து வரைந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 350க்கு மேற்பட்ட அமைப்புகள் உரையாடலில் இருந்தன. அந்த வருட டிசம்பரில் அதை நடைமுறைப்படுத்தும் கோவாரா கூட்டணி உருவானது, இன்று கையெழுத்திட்டவர்கள் 700ஐத் தாண்டிவிட்டார்கள். எங்கள் பிரிவில் நடந்த மாற்றத்தைச் சொல்கிறேன். முன்பு மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் கோப்பின் முதல் பக்கத்திலேயே கட்டுரை எண்ணிக்கையும், மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் ஹெச் இண்டெக்ஸும் இருக்கும். இப்போது அந்தக் கட்டம் படிவத்திலேயே இல்லை. அந்த இடத்தில் விண்ணப்பிப்பவர் தான் செய்ததில் முக்கியமானவற்றை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். மென்பொருள், தரவுத்தொகுப்பு, மாணவரை வளர்த்தது எல்லாம் சேர்த்தி. படிக்க நேரம் அதிகம் பிடிக்கிறது. ஆனால் ஆளைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

குருவிக்கூடு:
இப்போது புரிகிறது. அப்புறம் ஒன்று. பணத்தின் அளவை முடிவு செய்யும்போது இவர்கள் பேச்சு எடுபடுமா? அங்கே நிதி அமைச்சர்கள் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்?

ஆலமரத்தடி:
அங்கேதான் எல்லை. ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றி மரியோ திராகி ஆணையத்துக்காக எழுதி 2024 செப்டம்பரில் வந்த அறிக்கை அடுத்த ஆய்வுத் திட்டத்துக்கு 200 பில்லியன் யூரோ கேட்டது. அடுத்த மாதமே, ஆணையம் அமைத்த மனுவேல் எய்தோர் தலைமையிலான நிபுணர் குழு 220 பில்லியன் என்றது. அதற்குப் பிறகு, தொழில்துறையை வளர்க்க ஆணையம் திட்டமிட்ட புதிய போட்டித்திறன் நிதிக்குள் ஆய்வுத் திட்டத்தையே கரைத்துவிடுவார்கள் என்ற பயம் கிளம்பியது. பல்கலைக்கழகச் சங்கங்கள், ஆய்வு மற்றும் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான ஏர்ட்டோ, சயின்ஸ் யூரோப் என்று மற்ற நேரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி அக்கறை இருக்கிற அமைப்புகள் எல்லாம் ‘தனித் திட்டமாகவே இருக்கட்டும்’ என்று ஒரே குரலில் நின்றன. 2025 ஜூலை 16 அன்று ஆணையம் முன்வைத்தது தனித் திட்டம்தான், 2028 முதல் 2034 வரை 175 பில்லியன். போட்டித்திறன் நிதியோடு இறுக்கமாகப் பிணைத்திருக்கிறார்கள், அதுவே எனக்குக் கவலை. தொகையை இறுதி செய்ய உறுப்பு நாடுகளின் அரசுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பேரத்தில் ஆய்வுப் பணம்தான் எளிதாக வெட்டுப்படும்.

உங்களுக்கு உடனே பயன்படும் ஒன்று: இரண்டு நாட்டுக் கூட்டுத் திட்டம் மனதில் இருந்தால் சயின்ஸ் யூரோப் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வீவ் ஏற்பாட்டைப் பாருங்கள். விண்ணப்பத்தை ஒரே நாட்டு நிறுவனத்தில் கொடுக்கலாம், அது மதிப்பிடும், மற்ற நாட்டு நிறுவனம் அந்த முடிவை ஏற்றுத் தன் பங்கு ஆய்வாளருக்குப் பணம் தரும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி நிதி நிறுவனமான எஃப்டபிள்யூஓவும் அதில் இருக்கிறது. முதலில் எந்த நாட்டில் கொடுப்பது என்பதை அந்த நிறுவனங்களின் காலக்கெடுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.