பொங்கல் கூடலில் கும்பகோணம் கல்லூரிக்கு ஒரு மரியாதை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இந்த வருடம் பொங்கல் கூடலில் யாருக்கு மரியாதை செய்யலாம் என்று செயலாளர் அண்ணன் கேட்டிருந்தார். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரிக்குச் செய்வோம் என்பது என் ஆசை.

கல்லூரி என்றதும் ராமானுஜன் பேர்தான் முதலில் வரும். 1904-இல் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் உதவித்தொகை போய்விட்டது. அதனால் அவரை வைத்து நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. எனக்குப் பெரிதாகப் படுவது உ.வே.சாமிநாதையர் அங்கே இருந்த காலம்தான்.

அங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு ஐயர்தான் வரவேண்டும் என்று முயன்று, 1880-இல் அவரைக் கொண்டுவந்தார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள். அந்த வேலைக்காகக் கும்பகோணம் வந்ததால்தான், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியார், பழைய காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஏட்டில் கிடந்த பழைய நூல்களை ஒவ்வொன்றாக அச்சில் கொண்டுவந்தார். 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. 1903-இல் சென்னைக்குப் போகும்வரை, வகுப்பு எடுத்த நேரம் போகத்தான் ஏடுகளோடு உட்கார்ந்திருக்கிறார். மாதம் தவறாமல் வந்த அரசாங்கச் சம்பளம் அந்த வீட்டு அடுப்பை எரித்தது. தமிழ்நாட்டுக்கு அந்தக் கல்லூரி செய்ததில் இதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

நம் ஊருக்குச் செய்தது வேறு கதை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் அப்பா, அங்கேதான் கணிதம் படித்தார். தாத்தா நெல் கணக்கு எழுதிய நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி என்று இருக்கும். திருப்பிப் பிடித்தால் அப்பாவின் பென்சில் எழுத்தில் வகைநுண்கணிதம். தனி நோட்டு வாங்கக் காசில்லை. படித்து முடித்து நம் ஊர்ப் பள்ளிக்கே வாத்தியாராக வந்தார். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் அந்தக் கல்லூரிக்கு முதலில் போனவர் யார், எந்த வருடம், என்ன பாடம் என்று எழுதி அனுப்புங்கள். பெரியவர்களுக்கு இந்த வாரமே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பொங்கல் மலரில் போட்டு, முதல் பிரதியைக் கல்லூரி நூலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாசியில் ஊருக்கு வருகிறேன்.