புதிய லாரியின் கேபின், பாடி பெயிண்டைப் பாதுகாப்பது: எந்த வேலையை எப்போது செய்வது?

கேள்வி: சங்ககிரி லாரிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறோம். கேபின் தொழிற்சாலையிலிருந்தே வெள்ளை நிறத்தில் வருகிறது. லோடு பாடியை மட்டும் நாமக்கல்லில் கட்டக் கொடுக்கப் போகிறோம். வண்டி பெரும்பாலும் தூத்துக்குடியில் உப்பு ஏற்றிப் பெங்களூரு வரை செல்லும். திரும்பும்போது கிடைக்கும் சரக்கை ஏற்றிவரும். எங்களிடம் ஏற்கெனவே ஓடும் வண்டியின் சிவப்பு கேபின், கையால் தடவினால் பொடி ஒட்டும் அளவுக்கு வெளுத்துவிட்டது. அதன் பாடியின் குறுக்குச் சட்டங்களில் பெயிண்டுக்கு அடியிலிருந்து துரு கிளம்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. புதிய வண்டிக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதே எங்கள் கவலை.

ஷோரூமில், டெலிவரிக்கு முன்பே கேபினுக்கு செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசும் மெல்லிய, கடினமான பாதுகாப்புப் பூச்சு) செய்து தருவதாகவும், அதன்பின் கல் பட்டாலும் கீறல் விழாது என்றும் சொல்கிறார்கள். கேட்கும் தொகை ஒரு ஜோடி டயர் விலையை நெருங்குகிறது. இதை ஏற்பதா? ஏற்றால், பாடி கட்டுவதற்கு முன்பா, பின்பா? எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர்தான் வருகிறது. அதைக் கொண்டு வண்டியைக் கழுவலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோவை டீட்டெய்லிங்

ஐயா, ஷோரூமில் கோட்டிங் செய்ய வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். விலை ஒருபுறம் இருக்கட்டும், வேலையின் வரிசையே அங்கே தவறிப்போகிறது. உங்கள் வண்டி ஷோரூமை விட்டு நேராகப் பாடி பட்டறைக்குப் போகிறது. அங்கே வெல்டிங், கிரைண்டிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு கேபினில் எழுத்து எழுதுவார்கள், ஒளிதிருப்பும் பட்டைகளை ஒட்டுவார்கள். கோட்டிங்கின் வேலையே தன்மீது எதுவும் ஒட்டாமல் வழுக்கிவிடச் செய்வதுதான். அதன்மேல் ஒட்டும் பட்டை ஓரங்களில் எழும்பும். எழுதிய பெயிண்ட் செதில் செதிலாக உரியும். சிலிக்கான் கலந்த பாலிஷ் போட்ட இடத்தில் பெயிண்ட் அடித்தால் வட்டவட்டமாகக் குழி விழுவதைப் பெயிண்டர்கள் நன்கு அறிவார்கள்.

கல் பட்டாலும் கீறாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். 9எச் என்று அவர்கள் காட்டும் கடினத்தன்மை, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கோட்டிங்கின் தடிமன் ஓரிரு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லுக்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது, பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் படலம். அது 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறையும். கேபின் முழுக்க ஒட்டுவது லாரிக்குத் தேவையற்ற செலவு. கேபின் முகப்பின் கீழ்ப்பகுதி, கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்கள், கதவுக் கைப்பிடியின் உட்குழி ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் போதும்.

இன்னொன்றையும் ஷோரூமில் வலியுறுத்துங்கள்: டெலிவரிக்காக வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். யார்டில் வாரக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் வண்டியை உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தேய்க்கும்போதுதான் வெயிலில் சிலந்திவலை போலத் தெரியும் வட்டக் கீறல்கள் உண்டாகின்றன. நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருந்தால், அது பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான்தான். ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுக் கீறலை எடுக்கும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. உங்கள் கேபினில் கிளியர் கோட் இருக்கிறதா என்று அறிய, மறைவான ஓர் இடத்தில் சிறிது பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கேபின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. கேபின் வெள்ளையாக இருப்பதால் கறுப்புத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுதான் வெயிலில் பொடி தட்டி வெளுக்கும். உங்கள் சிவப்பு கேபினுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

பதில்: நாமக்கல் பாடி பட்டறை

கோவைத் தம்பி சொன்ன வரிசை சரியானது. பட்டறைக்குள் நடப்பதை நான் சொல்கிறேன்.

பாடி கட்டும்போது கேபினுக்கு வரும் பெரிய கேடு கிரைண்டர் பொறி. சிவக்கச் சிவக்கப் பறக்கும் இரும்புத் துகள் கேபினின் பின்புறத்திலும் கண்ணாடியிலும் விழுந்து, பெயிண்டைச் சுட்டு உள்ளே பதிந்துவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. ஒரு மழை பெய்தபின் வெள்ளைப் பெயிண்டில் ஆரஞ்சுப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் கிளம்பும். பெயிண்ட் மட்டமானது என்று உரிமையாளர் கம்பெனியைத் திட்டுவார். ஆகவே வண்டியை விடும்போதே, கேபினையும் கண்ணாடிகளையும் தீப்பிடிக்காத வெல்டிங் போர்வையால் மூடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாள் போதாது; பொறி அதை ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லவும் மறக்காதீர்கள். இது பெயிண்டைச் சேர்ந்த விஷயமில்லை என்றாலும், இக்கால வண்டிகளில் உள்ள மின்னணுப் பெட்டிகளுக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது பாடி. உப்பு லைனுக்குப் போகிற வண்டி என்பதால் மேல் பெயிண்டின் பளபளப்பைவிட அடியில் போகும் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குப் பணம் கொடுங்கள். தகட்டின் மீதுள்ள எண்ணெயையும், ஆலையில் உருட்டும்போதே படிந்த கருஞ்செதிலையும் எடுக்காமல் ரெட் ஆக்சைடு என்ற செந்நிற பிரைமர் அடித்து, அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அது செதிலோடு சேர்ந்து கழன்றுவிடும். சுத்தம் செய்த இரும்பில் எபாக்சி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டங்களுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் கிடைத்தால் மேலும் நல்லது. வெல்டிங் போட்ட இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கசடு நீக்கிய பிறகே பிரைமர் போக வேண்டும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூட்டுகளில் இடுக்கை மூடும் சீலண்ட் பசை போட்டு அடைக்க வேண்டும். உங்கள் பழைய வண்டியில் துரு கிளம்பியது அந்த இடுக்குகளிலிருந்துதான் என்று பார்க்காமலே சொல்வேன். பெட்டி வடிவச் சட்டங்களின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிரைமர் அடிக்குமுன்பே போடச் சொல்லுங்கள்.

தொழிற்சாலைப் பெயிண்டைச் சுமார் 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுக்கி அனுப்புகிறார்கள். பட்டறைப் பெயிண்ட் அப்படியன்று, காற்றில் காய்வது. தொட்டால் ஒட்டாது என்பதற்காக அது முழுதாக இறுகிவிட்டதென்று நினைக்கக் கூடாது, உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வாரங்கள் ஆகும். எனவே பாடியின் மேல் குறைந்தது இரண்டு மாதத்துக்கு மெழுகோ வேறு பூச்சோ போட வேண்டாம். முதல் சில நடைகளில் தார்ப்பாய்க் கயிறு பாடியின் மேல்விளிம்பில் உரசும் இடங்களில் பழைய ரப்பர் டியூபை வெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பதில்: தூத்துக்குடி லைன்

பல ஆண்டுகளாக இதே உப்பு லோடு ஓட்டுகிறவன் என்ற முறையில் என் கருத்தையும் வைக்கிறேன். லாரிக்குக் கோட்டிங் என்பதே எனக்கு உடன்பாடில்லை. ஒரு மழை, ஒரு புதுத் தார்ச் சாலை, சுங்கச்சாவடியில் பக்கத்து வண்டியின் உரசல், இவற்றுக்குப் பிறகு அதில் என்ன மிஞ்சும்? அந்தப் பணத்தை வண்டி கழுவும் செலவுக்கு ஒதுக்குங்கள்.

உப்பு விஷயத்தில் பலரும் அறியாத ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். கடற்கரையில் இரவில் அந்த அளவு சர்வ சாதாரணம். அதனால் மழை பெய்யவில்லை, வண்டி காய்ந்துதான் இருக்கிறது என்று சும்மா இருக்க முடியாது. லோடு இறக்கிய அன்றே தளத்தைப் பெருக்கிவிட்டு, பாடிக்குள்ளும் சேசிஸின் அடியிலும் நிறையத் தண்ணீர் விட வேண்டும். உப்பு ஏற்றுமுன் தளத்திலும் ஒரு தார்ப்பாயை விரித்து, பக்கப் பலகைகள் வரை ஏற்றிவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் கேபினுக்குத் துணி சோப்புப் பவுடர் கரைத்து அடிப்பதை அனுமதிக்காதீர்கள்; மெழுகு இருந்தால் அத்தோடு போய்விடும். தார்ப் புள்ளிகளை எடுக்கக் கிளீனர் பையன்கள் மண்ணெண்ணெயால் தேய்ப்பார்கள். தார் போகும், கூடவே பாதுகாப்புப் பூச்சும் போகும், கதவு ரப்பரும் உப்பிப்போகும். தாரைக் கரைக்கத் தனித் திரவம் கடைகளில் கிடைக்கிறது. கரைத்த உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். சர்வீஸ் முடிந்ததும் சேசிஸுக்கு டீசலோ பழைய ஆயிலோ அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நான் இன்றும் செய்கிறேன், துரு வந்ததில்லை.

பதில்: நாமக்கல் பாடி பட்டறை

அண்ணே, டீசல் அடிப்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டீசல் சில நாளில் காய்ந்து புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் புழுதிக்குள் உப்பீரம் தங்குகிறது. ரப்பர் புஷ்களும் ஹோஸ்களும் ஊறிப்போய் எங்களிடம் வருகின்றன. பிரேக் டிரம்முக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெழுகு கலந்த அடிப்பாகப் பூச்சு ஒன்றை, சேசிஸ் நன்றாகக் காய்ந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன் அடித்தால் போதும்.

கேள்வியாளர்: சங்ககிரி லாரிக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஷோரூமில் கோட்டிங் வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. பாடி கட்டி, எழுத்து எழுதி முடித்த பிறகு கேபினுக்கு என்னதான் போடுவது? உப்புத்தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே? பூசையன்று முகப்பில் வைத்த குங்குமம், பழைய வண்டியின் வெள்ளைப் பட்டையில் கறையாகவே நின்றுவிட்டது. அதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: கோவை டீட்டெய்லிங்

பட்டறையிலிருந்து வந்ததும் கேபினை நிறையத் தண்ணீர் விட்டுத் தூசி போக அலசுங்கள். பிறகு இரும்புத் துகள் நீக்கும் திரவத்தைத் தெளித்தால், துகள் பதிந்த இடங்களிலெல்லாம் ஊதா நிறம் வழியும். வெயிலில் இதைச் செய்யக் கூடாது; காயவிடவும் கூடாது. அதன்பின்னும் கை வைத்தால் சொரசொரப்பு இருந்தால் மட்டும் ஷாம்பு நீரில் வழுக்கவிட்டு க்ளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால் தேயுங்கள். எழுத்துகள் மேலும் பட்டைகள் மேலும் க்ளே போகக் கூடாது. கடைசியாக பாலிமர் சீலண்ட் ஒன்றைப் பூசுங்கள்; இது மூட்டுகளை அடைக்கும் சீலண்ட் அன்று, மெழுகு போலப் பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு. நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும்; பூசுவதற்கு ஆளும் கடையும் தேவையில்லை. கார்னோபா மெழுகு கூடுதல் மெருகு தரும், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிதாக எழுதிய எழுத்துகளைச் சுற்றி, பட்டறை ஐயா சொன்ன இரண்டு மாதம் முடியும்வரை சீலண்ட் படாமல் விட்டுவிடுங்கள்.

உப்புத்தண்ணீரால் கழுவலாம், அது வண்டியின் மேல் தானாகக் காயத்தான் கூடாது. நீர் ஆவியானபின் தங்கும் சுண்ணாம்புச் சத்து சூடான தகட்டில் வளையமாகப் பதிந்து, நாளடைவில் பெயிண்டையே அரித்துவிடும். மாலையில், தகடு ஆறியபின், நிழலில் கழுவுங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வையுங்கள். மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகக் கழுவி, உடனுக்குடன் மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். வளையம் விழுந்துவிட்டால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்துத் துடைத்து, நன்றாக அலசிவிடுங்கள்.

குங்குமத்தில் சாயம் இருக்கிறது. ஈரத்தோடு வெயிலில் நின்றால் வெள்ளைப் பெயிண்டில் இறங்கிவிடும். சீலண்ட் போட்ட பரப்பில் அவ்வளவு எளிதில் இறங்காது, என்றாலும் அன்று மாலையே ஷாம்பு நீரால் கழுவிவிடுங்கள். பொட்டைக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. பழைய வண்டியில் நின்றுபோன கறையை மென்மையான பாலிஷ் கொண்டு ஒரு சிறு இடத்தில் முயன்று பாருங்கள். துணியில் வெள்ளை நிறம் ஏறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.