திருமண நாளுக்கு முதுமலையா, பரம்பிக்குளமா?

கேள்வி:
வருகிற பிப்ரவரியில் எங்கள் திருமண நாளையொட்டி, நானும் என் மனைவியும் இரண்டு இரவுகள் காட்டுக்குள் தங்க விரும்புகிறோம். கோவையிலிருந்து சொந்தக் காரில் வருவோம். விலங்குகளைப் பார்ப்பது இரண்டாம்பட்சம்தான், பாட்டுச் சத்தமும் கூட்டமும் இல்லாத இடமே முக்கியம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி 1:
தனிமைதான் நோக்கமென்றால் தயங்காமல் பரம்பிக்குளத்தைச் சொல்வேன். அது கேரளத்தில் இருந்தாலும், வாகனப் பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகவே செல்கிறது என்பதால், இரு மாநிலச் சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டும். தூணக்கடவு நீர்த்தேக்கத்தின் அருகே கேரள வனத்துறை நடத்தும் மரவீடு உங்களுக்குப் பொருந்தும். அறைகள் மிகக் குறைவு, ஆகவே முன்பதிவை இப்போதே முடித்துவிடுங்கள். பழமையான கன்னிமாரா தேக்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி 2:
முதுமலையை அவ்வளவு எளிதில் ஒதுக்க வேண்டாம் ஐயா. தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதை இருவரும் சேர்ந்து பார்ப்பது தனி மகிழ்ச்சி. நீலகிரிக்கு இ-பாஸ் தேவை. முதுமலையிலிருந்து கர்நாடகம் செல்லும் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. மசினகுடியின் தனியார் விடுதிகளில் சில இரவு விருந்துகளுக்கே பேர்போனவை (காட்டுக்கு வந்து ஒலிபெருக்கி எதற்கோ!), எனவே விசாரித்தபின் பதிவு செய்யுங்கள்.

மறுமொழி 3:
பிப்ரவரியில் இலையுதிர் காடுகள் வறண்டு, புதர்கள் மெலிவதால் விலங்குகள் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். ஆனால் காட்டுத்தீ அபாயம் மிகுந்தால் சுற்றுலாவை வனத்துறை திடீரென நிறுத்திவிடும். புறப்படும் முன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.