எக்கோவை லெஸ்ஸுடன் பைப்பால் இணைத்தால் சில வேளைகளில் ஷெல் உறைந்துவிடுகிறது: செயல்முறைக் குழுவில் பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். லினக்ஸில் சி மொழியில் ஒரு சிறிய ஷெல்லை (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலை) எழுதி வருகிறேன். தனிக் கட்டளைகளும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்லைன்களில் பெரும்பாலானவையும் சரியாக இயங்குகின்றன. ஆனால் கொடுத்த சொற்களை அச்சிடும் /பின்/எக்கோவின் வெளியீட்டை, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு அனுப்பும்போது, ஏறத்தாழப் பத்து முறைக்கு ஒரு முறை, திரையில் எதுவும் வராமல் எல்லாம் உறைந்துவிடுகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் அதற்குரிய குறி மட்டும் திரையில் தோன்றுகிறது. லெஸ்ஸும் முடிவதில்லை, ஷெல்லும் ப்ராம்ப்டுக்குத் திரும்புவதில்லை.

ஷெல்லின் அமைப்பு இதுதான். ஒவ்வொரு பைப்லைனுக்கும் தனிச் செயல்முறைக் குழு (இயங்கும் நிரல்களின் தொகுதி) உண்டு. முதல் சேயின் (ஷெல் உருவாக்கும் செயல்முறையின்) எண்ணே குழு எண். சேயை உருவாக்கும் ஃபோர்க் முடிந்ததும் தாயும் (ஷெல்லும்) சேயும் இருவருமே குழுவை அமைக்கும் செட்பிஜிஐடியை அழைக்கிறார்கள். அதன் பிறகு சேய் டிசிசெட்பிஜிஆர்பி மூலம் டெர்மினலைத் தன் குழுவுக்குப் பெற்றுக்கொண்டு, சிக்னல்களை (செயல்முறைக்கு வரும் அறிவிப்புகளை) இயல்பு நிலைக்குத் திருப்பிவிட்டு எக்ஸெக் செய்கிறது, அதாவது கட்டளையின் நிரலாக மாறுகிறது. கன்ட்ரோல்-சியால் வரும் சிக்இன்ட், பின்னணியிலிருந்து டெர்மினலைப் படித்தால் வரும் சிக்டிடிஐஎன், பின்னணியிலிருந்து அதன் அமைப்பை மாற்றினால் வரும் சிக்டிடிஓயு ஆகியவற்றை ஷெல் புறக்கணிக்கிறது. சேய் முடிந்ததை அறிவிக்கும் சிக்சைல்டு சிக்னலின் கையாளி முடிந்த சேய்களை வெயிட்பிஐடியால் சேகரிக்க, மைய நிரல் சிக்னல் வரும் வரை சிக்சஸ்பெண்டில் காத்திருக்கிறது. வேலையை இடையில் நிறுத்தும் கன்ட்ரோல்-இசட் வசதியை இன்னும் சேர்க்கவில்லை.

உறைந்த நேரத்தில் வேறொரு டெர்மினலிலிருந்து செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையால் பார்த்தேன். ஷெல்லின் எண் 4120. லெஸ்ஸின் எண் 4187, அதன் குழு எண் 4120, அதன் நிலை 'டி', அதாவது நிறுத்தப்பட்டுள்ளது. டெர்மினலை வைத்திருக்கும் முன்னணிக் குழு 4186 என்று காட்டுகிறது. ஆனால் 4186 என்ற எண்ணில் எந்தச் செயல்முறையும் இல்லை. தாயும் சேயும் குழுவை அமைத்த பிறகும் இப்படி நேர்வது ஏன்?

மறுமொழி 1

தேவையான சான்று உங்கள் பிஎஸ் வெளியீட்டிலேயே இருக்கிறது. இத்தகைய சிக்கல் என்றதும் எல்லோரும் முதலில் ஐயுறுவது, டெர்மினல் கைமாறுவதற்கு முன்பே சேய் அதைப் படிக்க முயன்று சிக்டிடிஐஎன் பெற்றிருக்கும் என்பதைத்தான். அப்படியானால் லெஸ் 4186ஆம் குழுவில் நின்றிருக்க வேண்டும். உங்களிடமோ அது ஷெல்லின் குழுவிலேயே தங்கிவிட்டது. ஆகவே செட்பிஜிஐடி அழைப்பே தோல்வி அடைந்திருக்கிறது. அதன் திரும்பும் மதிப்பைச் சோதிக்கிறீர்களா?

கன்ட்ரோல்-சி பயனற்றுப் போவதற்கும் காரணம் தெரிகிறது. அந்த விசையை அழுத்தினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சிக்இன்ட்டை முன்னணிக் குழுவுக்கு மட்டுமே அனுப்பும். 4186ஆம் குழுவில் இப்போது ஒருவரும் இல்லை. எனவே சிக்னலைப் பெற ஆளில்லை.

கெர்னல் அழைப்புகளைப் பதிவுசெய்யும் எஸ்டிரேஸை, சேய்களையும் பின்தொடரும் 'எஃப்' தேர்வுடன், வெளியீடு ஒரு கோப்புக்குச் செல்லுமாறு இயக்கிப் பாருங்கள். பிழை தேடும் கருவியான ஜிடிபியை இந்த வேலைக்கு அதே டெர்மினலில் பயன்படுத்த வேண்டாம். அது தான் ஆராயும் நிரலைத் தனிக் குழுவில் வைத்து முன்னணியையும் மாற்றிக்கொண்டே இருப்பதால், நாம் காண விரும்பும் நிலையே கலைந்துவிடும். தேவைப்பட்டால் வேறு டெர்மினலிலிருந்து இணைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. திரும்பும் மதிப்பை நான் சோதிக்கவில்லை. எஸ்டிரேஸ் பதிவில் முதலில் ஷெல்லின் வெயிட்4 அழைப்பு (வெயிட்பிஐடி இந்தப் பெயரில் பதிவாகிறது) 4186ஐத் திருப்பித் தருகிறது. அதற்குப் பிறகுதான் லெஸ்ஸுக்கான சேய் 4186ஆம் குழுவில் சேர முயல்கிறது. அதற்கு ஈபெர்ம் (அனுமதி இல்லை) பிழை கிடைக்கிறது. பின்னர் லெஸ் டெர்மினல் அமைப்பை மாற்ற முயலும் இடத்தில், சிக்டிடிஓயுவால் நிறுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. இரண்டும் என்னுடைய செயல்முறைகளே ஆயிருக்க, அனுமதி மறுக்கப்படுவது ஏன் என்று புரியவில்லை.

மறுமொழி 2

ஈபெர்ம் என்ற பெயர்தான் உங்களைத் திசைதிருப்புகிறது. செட்பிஜிஐடியைப் பொறுத்தவரை, சேர விரும்பும் குழு அதே அமர்வில் (குழுக்களின் தொகுப்பில்) இல்லை என்றாலும், அப்படி ஒரு குழுவே இல்லை என்றாலும் இதே பிழைதான் வரும். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது.

செயல்முறைக் குழு என்பது தனியாக உருவாக்கி வைக்கப்படும் பொருள் அன்று. அதில் உறுப்பினர் இருக்கும் வரைதான் குழு இருக்கும். எக்கோ தன் வேலையை நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது. முடிந்த பின்னும், தாய் வெயிட்பிஐடியால் அதன் இறுதி நிலையைப் பெறும் வரை அது ஸோம்பியாக நிற்கும். அந்த ஸோம்பியும் குழுவின் உறுப்பினரே என்பதால் லெஸ் அப்போது வந்து சேர்ந்தாலும் தடை இராது. ஆனால் உங்கள் கையாளி, இரண்டாவது ஃபோர்க்குக்கு முன்பாகவோ லெஸ் குழுவில் சேரும் முன்பாகவோ குறுக்கிட்டு, அந்த ஒரே உறுப்பினரின் பதிவையும் நீக்கிவிடுகிறது. அத்துடன் 4186ஆம் குழு மறைந்துவிடுகிறது. எக்கோ சாகும் முன் டெர்மினலைத் தன் குழுவுக்கு மாற்றிவிட்டதால், முன்னணி உரிமை, இப்போது இல்லாமல் போன ஒரு குழுவின் பெயரில் நிற்கிறது. ஷெல்லின் குழுவிலேயே தங்கிவிட்ட லெஸ் இப்போது பின்னணியில் இருக்கிறது. அது டெர்மினல் அமைப்பில் கை வைத்ததும் கெர்னல் அதன் குழு முழுவதற்கும் சிக்டிடிஓயு அனுப்புகிறது. ஷெல் அதைப் புறக்கணிக்கிறது, சிக்னல்களை இயல்பு நிலைக்குத் திருப்பியிருந்த லெஸ் நின்றுவிடுகிறது.

சிக்சஸ்பெண்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதால், காத்திருக்கும் இடத்துக்குச் சற்று முன்பாகச் சிக்சைல்டைத் தடுத்திருப்பீர்கள் (தடை நீங்கும் வரை வராமல் நிறுத்தியிருப்பீர்கள்) என நினைக்கிறேன். அந்தத் தடுப்பை முதல் ஃபோர்க்குக்கு முன்பே கொண்டுபோங்கள். எல்லாச் சேய்களும் உருவாகி, தாயின் செட்பிஜிஐடி அழைப்புகளும் முடிந்து, எண்கள் அனைத்தும் வேலைப் பட்டியலில் ஏறிய பிறகே தடை நீங்க வேண்டும். சேய் எக்ஸெக் வரை சென்றுவிட்டால் தாயின் அழைப்புக்கு ஈஆக்சஸ் (அணுகல் மறுப்பு) பிழை வரும்; சேய் அதற்குள் தானே குழுவில் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த ஒரு பிழையைத் தாயிடத்தில் பொருட்படுத்த வேண்டாம். இந்த ஏற்பாட்டால், பட்டியலில் ஏறாத சேய் ஒன்று முடிந்து கணக்கில் விடுபட்டுப்போகும் பிழையும் வராது. அனைவரும் சேர்ந்த பின் முதல் சேயின் பதிவை நீக்குவதால் தீங்கில்லை. ஓர் உறுப்பினர் எஞ்சியிருந்தாலும் குழு நிற்கும், அந்த எண்ணும் புதிய செயல்முறைக்கு வழங்கப்படாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிக்னல் தடுப்பு ஃபோர்க்கையும் எக்ஸெக்கையும் தாண்டிச் செல்லும். ஆகவே சேய், எக்ஸெக்குக்கு முன் பழைய தடுப்பு நிலையை மீட்டாக வேண்டும். மேலும், சிக்சைல்டையே புறக்கணிக்கும் வரி சில பழைய மாதிரி நிரல்களில் காணப்படுகிறது. அதைப் பின்பற்றினால் முடிந்த சேய்களின் பதிவைக் கெர்னலே உடனுக்குடன் நீக்கிவிடும், தடுப்பால் அதை நிறுத்த முடியாது, இதே பிழை மீண்டும் வரும்.

திருத்தும் முன் பிழையை உறுதியாக வரவழைத்துக்கொள்ளுங்கள். தாயில் இரண்டாவது ஃபோர்க்குக்கு முன் 0.1 விநாடித் தாமதம் வைத்தால் போதும். பத்தில் ஒரு முறை வரும் பிழையைத் திருத்திவிட்டு, பத்து முறை நன்றாக ஓடியதைக் கண்டு நிம்மதி அடைவது பெரிய தவறு.

மறுமொழி 3

மேலே சொன்ன விளக்கம் முற்றிலும் சரி. பாஷ் ஷெல்லின் மூல நிரலிலும் சேயை உருவாக்கும் இடத்தில் சிக்சைல்டு தடுக்கப்படுவதைக் காணலாம். இருந்தாலும் கையாளிக்குள் வெயிட்பிஐடியை அழைப்பதையே கைவிடுவது நல்லது என்பது என் கருத்து. முன்னணி வேலைக்கு நேரடியாகக் காத்திருந்து, பின்னணி வேலைகளை ப்ராம்ப்ட் காட்டும் முன் ஒரு முறை விசாரித்தால், இத்தகைய குறுக்கீட்டுக்கே இடமில்லை.

கன்ட்ரோல்-இசட்டைச் சேர்க்கும்போது வெயிட்பிஐடிக்கு, நின்றுபோன சேய்களையும் தெரிவிக்கும் டபிள்யூஅன்ட்ரேஸ்டு தேர்வைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நின்றுபோன சேய்க்காக ஷெல் முடிவின்றிக் காத்திருக்கும். லெஸ் போன்றவை மாற்றிய டெர்மினல் அமைப்பைச் சேமித்து மீட்கும் பொறுப்பும் அப்போது ஷெல்லைச் சேரும்.

கேட்டவர்

தாமதத்தை வைத்ததும் பிழை ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது. தடுப்பை முதல் ஃபோர்க்குக்கு முன்னால் நகர்த்திய பிறகு, அதே தாமதத்துடன் 500 முறை இயக்கியும் வரவில்லை.

சேயில் தடுப்பு நிலையை மீட்கும் வரியை முதலில் விட்டுவிட்டேன். வழக்கமான கட்டளைகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் என் ஷெல்லுக்குள் என் ஷெல்லையே இயக்கியபோது, முதல் கட்டளை முடிந்தும் உள் ஷெல் விழிக்கவில்லை. அதன் /ப்ராக் நிலைக் கோப்பில் (செயல்முறையைப் பற்றிக் கெர்னல் தரும் விவரத்தில்), தடுக்கப்பட்ட சிக்னல்களைக் காட்டும் வரி 10000 என்ற பதினாறடிமான எண்ணில் முடிந்திருந்தது. என் கணினியில் 17ஆம் சிக்னலாகிய சிக்சைல்டுக்குரிய இடம் அது. சேயில் எக்ஸெக்குக்கு முன் பழைய நிலையை மீட்டதும் உள் ஷெல்லும் சரியாக இயங்குகிறது. செட்பிஜிஐடியின் திரும்பும் மதிப்பைச் சேயில் சோதித்து, தோல்வியானால் எக்ஸெக்குக்குச் செல்லாமல் வெளியேறுமாறும் மாற்றிவிட்டேன்.