மெட்ஃபார்மின், பி12 குறைவு, விறைப்புப் பிரச்சினை: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 46, செம்பனை ஆலையில் வேலை. ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. ஆசை குறையவில்லை. விடியற்காலையில் தானாக வருவதும் நின்றுவிட்டது. கூடவே இரண்டு பாதமும் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றதே தெரியாமல் வாசல் வரை நடந்து வந்திருக்கிறேன், மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

இனிப்பு நீருக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம். புகை, மது இல்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.1. காலை எட்டு மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) சரியாகவே இருக்கிறது. வைட்டமின் பி12 மட்டும் லிட்டருக்கு 118 பிக்கோமோல். 148க்குக் கீழே போனால் குறைபாடு. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும், நரம்பு பாதிக்கும். ஆனால் சர்க்கரையும் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்குமே, எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

கடையில் வாங்கிய மல்டிவைட்டமின் சில மாதம் சாப்பிட்டேன், பலனில்லை. கிளினிக்கில் சொன்னால் டென்ஷன் என்று அனுப்பிவிட்டார்கள். நண்பர் கொடுத்த தொங்காட் அலி (ஆண்மைக்கென்று விற்கும் மூலிகை) காப்பியைத் தொடவில்லை. அந்த மாதிரிப் பாக்கெட்டுகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலப்பதாகச் சுகாதார அமைச்சே எச்சரித்திருக்கிறது. இப்போது வேறு டாக்டரிடம் பி12 ஊசி ஆரம்பித்திருக்கிறேன்.

என்னைப்போல் மெட்ஃபார்மின் சாப்பிட்டு பி12 குறைந்தவர்களில், ஊசிக்குப் பிறகு விறைப்பு திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எத்தனை மாதம் பிடித்தது?