பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள்: அசல் பாகமும் நகல் பாகமும், நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

யோகோஹாமாவாசி:

ஒரு கேள்வி சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகவே இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

போன இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யோகோஹாமாவின் டைகோக்கு பார்க்கிங் வளாகத்தில் ஒரு மெரூன் நிற ஃபேர்லேடி 240 இசட்ஜி நின்றுகொண்டிருந்தது. 1971 அக்டோபரில் ஜப்பானுக்கு மட்டும் என்று நிசான் வெளியிட்ட வண்டி. சாதாரண 240 இசட்டின் நீளம் 4,115 மில்லிமீட்டர். முன்னால் நீட்டிய அந்தக் கூர்மூக்கினால் இது 4,305. நான்கு சக்கரங்களுக்கு மேலும் ரிவெட் அடித்த ஓவர்ஃபெண்டர்கள், அதாவது ஃபெண்டர் என்னும் மட்கார்டின் மேல் வைத்து அதை அகலமாக்கும் துண்டுகள். படத்தில் நூறு முறை பார்த்ததை முதன்முறையாகக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். குனிந்து மூக்கைப் பார்த்தபோது இடது விளக்குக்குக் கீழே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. வண்ணம் உதிரவில்லை, விரிசலும் இல்லை. பிறவியிலேயே இருந்ததுபோல மழமழவென்று இருந்தது.

உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "இது நகல். அசல் மூக்கைத் துணி சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் ஒரு கல் தெறித்தால் அதற்கு மாற்று எங்கே தேடுவேன்?"

பிப்ரவரியில் யோகோஹாமாவிலேயே நடக்கும் பழைய கார்க் கண்காட்சிக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளை இசட்ஜி. இடது விளக்குக்குக் கீழே, அதே இடத்தில், அதே பள்ளம். அதன் உரிமையாளர் என் வயதுக்காரர். மூக்கிலிருந்து வால்வரை எல்லாம் அசல் என்று கண்கள் மின்ன என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். நான் செய்தது சரியா?

பட்டறைக்காரர்:

சைத்தாமாவில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்திருக்கிறேன்; வேறு பாகம், வேறு குறை, அவ்வளவுதான். நகல் செய்கிறவர் ஓர் அசல் பாகத்தின் மேல் ஃபைபர்கிளாஸும் ரெசினும் பூசி அச்சு எடுக்கிறார். அந்த அசல் எப்போதோ எங்கேயோ இடித்து, பட்டி போட்டு அரைகுறையாகச் சரிசெய்யப்பட்டிருந்தால், அந்தக் காயமும் அச்சில் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே தழும்பு இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை நகலின் நகல். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலிலிருந்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் இரண்டு சுருக்கமும் சேர்ந்துவிடும், விளிம்புகளும் மழுங்கிவிடும். ஒரு முறை எங்களிடம் வந்த பானெட்டை வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் 4 மில்லிமீட்டர் இடைவெளி, வலப்பக்கம் 9. காரின் சட்டம் கோணலாகிவிட்டதோ என்று ஒரு நாள் முழுவதும் அளந்தோம். சட்டம் நேராகத்தான் இருந்தது. அந்த பானெட்டை அறுத்து, ஒட்டி, தேய்த்துப் பொருத்துவதற்கு மேலும் மூன்று நாள் ஆனது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கூலி கொடுத்தார்.

அதற்காக நகலை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல அச்சில் பொறுமையாக வார்த்த பாகத்தைக் கையில் எடுத்தாலே தெரியும். அது துருப்பிடிக்காது என்பதும் சின்ன விஷயம் இல்லை. துரு தின்று ஓட்டையான ஃபெண்டரோடு கொட்டகையில் கிடப்பதைவிட, நகல் ஃபெண்டரோடு சாலையில் ஓடுவதுதான் ஒரு காருக்கு மரியாதை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். நார் இழைகள் தெரிகின்றனவா, போல்ட் துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றனவா, இரும்பாக இருந்தால் ஆலையின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே வண்ணம் அடித்து எதையும் மறைத்துவிடலாம். உள்ளே அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

ஆர்32 வைத்திருப்பவர்:

என் அனுபவம் காந்தத்தோடு தொடர்புடையது. நிசானின் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரில் பானெட்டும் முன் ஃபெண்டர்கள் இரண்டும் அலுமினியம் என்று படித்திருந்தேன். வாங்கப் போன அன்று மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போனேன். பானெட்டில் ஒட்டவில்லை, இரண்டு ஃபெண்டர்களிலும் ஒட்டவில்லை. எல்லாம் அசல் என்று நிம்மதியாகப் பணத்தைக் கொடுத்தேன்.

முதல் குளிர்காலம் வந்தது. ஒரு விடியற்காலையில் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது ஃபெண்டரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்றிருந்தது. இடது ஃபெண்டர் அப்படி இல்லை. விரலால் தட்டிப் பார்த்தேன். வலதில் உலோகத்தின் ஒலி, இடதில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல மொத்தை ஒலி. ஃபைபர்கிளாஸ். காந்தம் அலுமினியத்திலும் ஒட்டாது, ஃபைபரிலும் ஒட்டாது. இந்த எளிய விஷயம் அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

விற்றவரிடம் கேட்டேன். தனக்கு முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம் என்றார், நான் நம்பினேன். ஆனால் இடப்பக்கம் ஏன் மாற்றப்பட்டது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. காரைத் தூக்கி உள்ளே பார்க்கச் சொன்னேன். இடது முன்பக்கச் சட்டத்தில் நிமிர்த்திய அடையாளம் இருந்தது. யோகோஹாமாவாசி அண்ணா, அந்த வெள்ளைக் கார்க்காரருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. நகல் பாகத்தை விடுங்கள், அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகோயாவிலிருந்து:

இடையில் ஒரு சந்தேகம். 2017 டிசம்பரிலிருந்து ஆர்32 ஜிடி-ஆருக்கான பழைய பாகங்களை நிசானே மறுபடி விற்கிறது. பின்பக்கத் தகடு ஒன்றை, பழைய அழுத்த அச்சு இல்லாமலே, தகட்டின் இருபுறமும் இரண்டு ரோபோக்கள் கோல் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உருவாக்கும் முறையில் செய்கிறார்கள். அதே நிறுவனம், அதே வடிவம், ஆனால் செய்முறை வேறு, காலமும் வேறு. இதை அசல் என்பீர்களா? நான் என் காரில் பொருத்தியிருக்கிறேன். அசல் என்று சொல்லத்தான் மனம் வருகிறது.

பட்டறைக்காரர்:

செய்தவர்கள் யார், என்ன அளவில், எப்போது செய்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எனக்கு அது போதும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், காரோடு அதுவும் கைமாறட்டும்.

ஹகோசுகா பிரியன்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. நாகானோ மாநிலம் ஒகாயாவில் உள்ள ஸ்கைலைன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, வெளியே ஒரு வெள்ளி நிற ஹகோசுகா ஹார்ட்டாப் வந்து நின்றது; ஹகோசுகா என்பது பெட்டி வடிவப் பழைய ஸ்கைலைன், ஹார்ட்டாப் என்பது அதன் இரண்டு கதவு வகை. ஓவர்ஃபெண்டர் இல்லை. பின் சக்கரத்துக்கு மேலே ஓடும் அந்தப் புகழ்பெற்ற அலைக்கோடு வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அகலச் சக்கரம் போடுவதற்காக ஜிடி-ஆரில் மட்டும் பின் ஃபெண்டரின் வளைவைப் பெரிதாக்கினார்கள், அங்கே அந்தக் கோடு அறுபடும். ஹார்ட்டாப் ஜிடி-ஆர், அதாவது கேபிஜிசி10, மொத்தம் 1,197 தான் செய்யப்பட்டது. ஆசைப்பட்டவர்கள் சாதாரண 2000 ஜிடியின் ஃபெண்டரை அறுத்து, நகல் ஓவர்ஃபெண்டரை வைத்து ஜிடி-ஆர் தோற்றம் கொடுத்தார்கள். இன்று கூட்டங்களில் அப்படிப்பட்ட கார்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. என்ஜின் அறையின் பின்சுவரில் கேஜிசி10 என்று, அதாவது சாதாரண 2000 ஜிடி ஹார்ட்டாப்பின் குறியீடு பொறித்திருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்த வெள்ளி காரின் உரிமையாளர் அம்மா ஒருவர், கணவர் விட்டுச்சென்ற வண்டி. "அவருடைய நண்பர்கள் எல்லாரும் அறுத்தார்கள். இவர் பணம் சேரட்டும், பிறகு அறுக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்" என்றார். அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நகல் பாகத்தைக் கழற்றிவிடலாம். அதைப் பொருத்துவதற்காக அறுத்த தகடு திரும்பி வராது. என்னை உண்மையில் வாட்டுவது அதுதான்.

ஆர்32 வைத்திருப்பவர்:

ஓவர்ஃபெண்டர் பேச்சு வந்ததால் ஒன்று. ஜப்பானில் ரிவெட்டோ வெல்டிங்கோ செய்து நிரந்தரமாகப் பொருத்தி, காரின் அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடினால், ஷாக்கென் என்னும் கட்டாய வாகனச் சோதனையில் கட்டமைப்பு மாற்றமாகப் பதிவு செய்ய வேண்டும். நீளத்துக்கு அந்த எல்லை 3 சென்டிமீட்டர். ஆகவே பதிவுப் பத்திரத்தில் உள்ள அளவுகளைப் படியுங்கள். பிற்காலத்தில் மாற்றிய கார் என்றால் பல நேரம் அங்கேயே சுவடு கிடைக்கும்.

யோகோஹாமாவாசி:

எல்லாருக்கும் நன்றி. நான் அன்று வாய் திறக்காததற்குக் காரணம், அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்ததுதான். ஆர்32 தம்பியின் இடது ஃபெண்டர் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கண்காட்சியில் அவர் முகவரி அட்டை கொடுத்திருந்தார். நேற்று அவருக்குக் கடிதம் எழுதினேன். மூக்கு நகல் என்று அடித்துச் சொல்லவில்லை. டைகோக்குவில் நான் எடுத்த படத்தையும் அவர் காரை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பி, முன் பகுதியைக் கழற்றி உள்பக்கம் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மெரூன் கார்ப் பெரியவரிடமும் பேசினேன். வேண்டுமானால் துணியை அவிழ்த்து அசல் மூக்கைக் காட்டுகிறேன், இருவரும் வாருங்கள் என்றார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.