சார்ஜ்: ஊட்டமா, ஏற்றமா, இருப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கைப்பேசிச் செயலி ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது பட்டியலில் ‘சார்ஜ்’ என்ற சொல் தனியாக வந்தது. முன்னும் பின்னும் ஒரு விளக்கமும் இல்லை. மேல் வரிகளில் பேட்டரி பற்றிய சொற்கள் இருந்ததால் ‘மின்னூட்டு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். செயலி வெளிவந்த பிறகு பார்த்தால், பணம் செலுத்தும் பக்கத்தில், தொகைக்கு நேர் கீழே உள்ள பொத்தானில் அது இருந்தது. ‘மின்னூட்டு’ என்பதை அழுத்தினால் கணக்கிலிருந்து பணம் போகும். உடனே திருத்தச் சொல்லி எழுதினேன். ஆனால் அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்ததை இங்கே வைக்கிறேன்.

பஸ் சார்ஜ் கூடிவிட்டது என்கிறோம். புது அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்கிறோம். வழக்கில் சார்ஜ் ஷீட் போடுகிறார்கள், கூட்டத்தைக் கலைக்க லத்தி சார்ஜ் செய்கிறார்கள், போனில் சார்ஜ் இல்லை. ஒரே சொல்லை ஐந்து இடத்தில் வைத்தும் கேட்கிற யாருக்கும் குழப்பம் வருவதில்லை. முதல் நான்குக்கும் கட்டணம், பொறுப்பு, குற்றப்பத்திரிகை, தடியடி என்று நிலைத்த சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தள்ளாடுவது ஐந்தாவதுதான்.

சொல்லின் வேர் ஒரு வண்டியில் இருக்கிறது. பழைய கெல்ட்டிய மக்களின் வண்டிப் பெயரை லத்தீன் ‘கர்ருஸ்’ என்று எடுத்துக்கொண்டது. வண்டியில் சுமை ஏற்றுவது பிற்கால லத்தீனில் ‘கர்ரிக்காரே’. பழைய பிரெஞ்சில் அது ‘சார்ஜியே’ என்று திரிந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. கார், கார்கோ, கேரியர் எல்லாம் இதே குடும்பம். கேலிச்சித்திரத்துக்கான கேரிக்கேச்சரும் இந்த வீட்டுப் பிள்ளைதான்: ஒருவரின் மூக்கையோ காதையோ அளவுக்கு மீறி ‘ஏற்றி’ வரைவது. அப்புறம் எல்லாம் சுமையின் கதை. ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, கணக்கில் தொகையை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கிக்குள் ஒரு தடவை திணிக்கும் மருந்தின் அளவுக்கும் அதே பெயர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், தமிழும் இதே வழியில் நடந்திருப்பது. குற்றம் ‘சுமத்துகிறோம்’, அது சுமையிலிருந்து வந்த வினை. வரியையும் சுமத்துகிறோம். பொறுப்பு என்ற சொல்லே ‘பொறு’ என்ற வினையிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல். யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழிகளும் ஒரே உவமையைக் கண்டெடுத்திருக்கின்றன. (பொறுப்பேற்றார் என்பதில் உள்ள ‘ஏற்ற’ வேறு, அது ‘ஏல்’ என்ற வினை, ஒப்புக்கொள்வது. வண்டியில் ஏற்றுவது ‘ஏறு’ என்பதன் பிறவினை. சொல்லாக்கத்தில் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.)

இனி மின்சாரம். 1740-களில் லைடன் சாடி என்ற கண்ணாடிப் புட்டியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் புட்டிகளை வைத்து ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்ளின் தம் கடிதங்களில் சார்ஜ், டிஸ்சார்ஜ், பேட்டரி என்ற சொற்களை எழுதினார். பேட்டரி என்பது பீரங்கி வரிசையின் பெயர். மருந்து ஏற்றிய பீரங்கியும் மின்சாரம் ஏற்றிய புட்டியும் அன்றைய கண்ணுக்கு ஒரே மாதிரி பட்டதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே வெடிப்பில் காலியாகும். ஆனால் அதே பிராங்ளின் இன்னொன்றையும் கண்டுபிடித்து எழுதினார்: சார்ஜ் செய்த பிறகு புட்டியில் இருக்கும் மொத்த மின்சாரம் முன்பு இருந்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பக்கம் சேர்வது மறுபக்கம் குறைகிறது, அவ்வளவுதான்.

நம் போன் பேட்டரிக்கும் இது பொருந்தும். 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முழுதாகத் தீரும்போது 18,000 கூலும் மின்னூட்டம் (எலக்ட்ரான் போன்ற துகள்களின் மின்பண்பு; அதை அளக்கும் அலகு கூலும்) ஒரு முனையில் வெளியேறி, கருவிக்குள் சுற்றி, மறுமுனையில் திரும்பி வந்துவிடுகிறது. பேட்டரியின் நிகர மின்னூட்டம் எப்போதும் சுழியம்தான். ஒரு கூலும் மின்னூட்டம் கொண்ட இரண்டு பொருள்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் அவற்றுக்கிடையே உண்டாகும் விசை ஏறக்குறைய 900 கோடி நியூட்டன், அதாவது 9 லட்சம் டன் எடைக்குச் சமம். 18,000 கூலும் உண்மையிலேயே போனில் தேங்கியிருந்தால் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்க முடியுமா? பேட்டரி சேமிப்பது வேதியாற்றலை. லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றதற்கு நகர்ந்து காத்திருக்கின்றன.

ஆகவே ‘மின்னூட்டம் 40%’ என்று திரையில் எழுதுவது இயற்பியல்படி தவறு. ஆங்கிலத்தில் எலக்ட்ரானின் பண்புக்கும் பேட்டரியின் நிலைக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே அந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. நாம் ஏன் அதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும்?

மின்னூட்டம் என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். புரோட்டானுக்கு யார் மின்சாரத்தை ஊட்டினார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் உடன்படவில்லை. ஊட்டம் என்ற சொல் தமிழில் செயலாக மட்டும் நிற்கவில்லை; ‘ஊட்டமான உடம்பு’ என்னும்போது யாரும் ஊட்டிவிடுகிற கையை நினைப்பதில்லை, உடம்பின் தன்மையைத்தான் நினைக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பல தலைமுறை மாணவர்கள் நேர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டம் என்றே படித்துவிட்டார்கள். துகளின் பண்புக்கு அது அப்படியே இருக்கட்டும். மின்மம் என்பதும் குறுகலான நல்ல சொல், விரும்புவோர் எழுதலாம். என் வாதம் இதுதான்: பேட்டரிக்கு இந்த இரண்டையும் எடுத்து வரக் கூடாது.

பேட்டரிக்கு வேண்டிய சொல்லை மக்கள் ஏற்கெனவே பாதி செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘சார்ஜ் ஏறுதா?’ ‘சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.’ ‘சீக்கிரம் சார்ஜ் இறங்கிடுது.’ ‘எவ்வளவு சார்ஜ் இருக்கு?’ பெயர்ச்சொல் மட்டும்தான் ஆங்கிலம். ஏறு, இறங்கு, இரு என்று வினை மூன்றும் தமிழ். ‘சார்ஜ் ஊட்டு’ என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடன் வாங்கிய பெயருக்குப் பக்கத்தில் எந்த வினையை மக்கள் நிறுத்துகிறார்களோ, அந்த வினையிலிருந்தே கலைச்சொல்லை எடுப்பதுதான் எனக்குச் சரியான முறையாகப் படுகிறது. அது வண்டியில் சுமை ஏற்றிய அந்த மூல உவமையிலேயே போய் நிற்பது கூடுதல் மகிழ்ச்சி.

எனவே செயலுக்கு மின்னேற்றல், கருவிக்கு மின்னேற்றி, எதிர்ச்செயலுக்கு மின்னிறக்கம். ஊட்டம் என்று வைத்தால் டிஸ்சார்ஜுக்குத் தனியாக ஒன்று தேட வேண்டும். ஏற்றத்துக்கு இறக்கம் கூடவே பிறந்தது. ‘மின்னேற்றம்’ என்னாமல் ‘மின்னேற்றல்’ என்று நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் துகளின் பண்புக்கே ஏற்றம், மின்னேற்றம் என்று பெயர். நாம் அதே சொல்லைச் செயலுக்கு வைத்தால் அங்குள்ள மாணவர் தடுமாறுவார். ‘அல்’ ஈறு செயலை ஐயமில்லாமல் காட்டிவிடும்.

மூன்றாவது வினைதான் நான் புதிதாக முன்வைப்பது: மின்னிருப்பு. ‘எவ்வளவு இருக்கு’ என்ற கேள்விக்கு விடை இருப்புதானே. கையிருப்பு, சரக்கிருப்பு, கணக்கில் இருப்பு என்று எல்லாருக்கும் பழகிய சொல். ‘மின்னிருப்பு 40%’, ‘மின்னிருப்பு குறைவு’ என்று திரையில் வந்தால் விளக்கம் தேவைப்படாது. பேட்டரிக்குள் இருப்பது வேதியாற்றல் என்றுதானே சொன்னாய், மின் எங்கே இருந்து வந்தது என்று கேட்கலாம். எடுத்துச் செலவழிக்கக் கிடைக்கும் மின்னின் அளவு என்ற பொருளில்தான் சொல்கிறேன்; கணக்கில் இருப்பு என்றால் வங்கிப் பெட்டியில் நம் பெயர் எழுதிய நோட்டுகள் இருப்பதாக யாரும் கருதுவதில்லை. இடம் குறுகிய திரையில், பேட்டரிப் படம் பக்கத்தில் இருந்தால், வெறும் ‘இருப்பு’ போதும். நான்கே எழுத்து.

மின்னிருப்பை இரும்போடு குழப்பிப் படிப்பார்களோ என்று ஒரு சிறு தயக்கம் எனக்கு இருந்தது. சிறிய எழுத்தில் அச்சிட்டு நான்கைந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், ஒருவரும் தடுமாறவில்லை.

இன்னும் பிடிபடாதது ‘ஓவர்சார்ஜ்’. அதிகப் பணம் பிடித்தாலும் அதே சொல், பேட்டரிக்கு அளவுக்கு மேல் ஏற்றினாலும் அதே சொல். முதலாவதற்குக் ‘கூடுதல் கட்டணம்’ பொருந்தாது; முறையாக வாங்கும் மேல்தொகைக்கும் அதைத்தான் சொல்கிறோம். ‘மிகைக்கட்டணம்’ எனலாமா? இரண்டாவதற்கு ‘மிகைமின்னேற்றல்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘மீறிய மின்னேற்றல்’ கொஞ்சம் தேவலை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அடுத்த வாரம் திரைச்சொற்களை அனுப்பும்போது அதையே வைத்துவிடுகிறேன்.